ஞாயிற்றுக்கிழமை ஓடவிருக்கும் என் மகளுக்கு

ரேவதி,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு படித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை கோவளத்தில் நீ ஓடக் கூடாது. நாளைக் காலைப் பயிற்சிக்கும் போகக் கூடாது. இந்தக் கடிதத்தோடு பின் போட்டிருக்கும் ஆஸ்பத்திரித் தாள் உன்னுடையது. உன் இதயத்தைப் பற்றியது. மூன்று வருடமாக அதை உன்னிடம் காட்டாமல் வைத்திருந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நேற்றுச் சாப்பிடும்போது இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "கல்யாணத்துக்கு இருபது நாள்தான் கீது, கால்ல கீல்ல அடிபட்டா இன்னா பண்றது?" என்றேன். நீ தட்டைத் தள்ளிவிட்டு, "அன்னிக்கு மாஸ்டர் நிறுத்துனாரு, இன்னிக்கு நீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாய். அந்தக் கேள்விக்கான பதில்தான் இது. கடையில் கரண்ட் இல்லை, வர இரண்டு மணி நேரம் ஆகும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை நீ ஓடிவிட்டுத் திரும்பியபோது நான் பேப்பர் எடுக்க வாசலுக்கு வந்தேன். நீ மாடிப்படியில் உட்கார்ந்து, ஒரு கையைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். "என்னாச்சும்மா?" என்றதும் சிரித்தாய். "ஒண்ணுமில்லப்பா. மூணு வருஷம் கேப்பு விட்டுப்போச்சு இல்ல, மூச்சு வாங்குது. பிரபு என்னைக் கெழவின்னு கிண்டல் பண்றாரு." மாப்பிள்ளைப் பையன் வேலை பார்க்கும் ஒரகடம் கம்பெனியில் நடத்தும் ஓட்டம் அது, இரண்டு பேரும் சேர்ந்து பத்துக் கிலோமீட்டர் ஓடப் போகிறீர்கள், கல்லூரிக்குப் பிறகு இப்போதுதான் நீ மறுபடி ஷூ கட்டுகிறாய். எல்லாம் எனக்குத் தெரியும். உன் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்பதும் தெரியும். அதனாலேயே, மூச்சுதான் வாங்குகிறது என்று நானும் நம்பப் பார்த்தேன். அப்படி நம்பப் பார்த்தே மூன்று நாளைக் கடத்திவிட்டேன்.

என் தொழில் உனக்குத் தெரியும். கட்டட வேலை நடக்கும் இடங்களில் கழிக்கும் டைல்ஸ் துண்டுகளைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் ஏற்றி, மொட்டை மாடியில் பதிக்க யாராவது வாங்குவார்களா என்று கிழக்குத் தாம்பரம் தெருக்களில் சுற்றியவன் நான். அங்கிருந்து படப்பை ரோட்டில் ஷோரூம் போடும் வரைக்கும் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம், எந்த இடத்தில் எந்தத் தாளைக் கேட்பார்களோ, கேட்பதற்கு முன்பே அதை நீட்டிவிட வேண்டும் என்பது. லாரியை மடக்கினால் பில், பஞ்சாயத்து ஆபீசில் ரசீது, பாங்கில் சான்றிதழ். தாள் கையில் இருந்தால் கேள்வி வராது. தாளில் எழுதியிருப்பது உண்மையா என்று யாரும் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. இதை ஒரு சாமர்த்தியமாக நினைத்திருந்தேன். பலருக்கும் சொல்லிக்கூடக் கொடுத்திருக்கிறேன்.

யேசு சபைச் சாமியார்களின் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் உனக்கு இடம் கிடைத்தபோதும் அதைத்தான் செய்தேன். எண்ணூறு மீட்டரில் மாநில அளவில் இரண்டாவதாக வந்த பெண் நீ. மைதானத்தில் ஓட விட்டுப் பார்த்தார்கள், மறுநாளே கூப்பிட்டார்கள். பிரின்சிபல் ஃபாதர் நம்மிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உங்க பொண்ணு எங்களுக்கு மெடல் வாங்கிக் கொடுக்கறது அப்புறம். நாங்க அவளுக்கு டிகிரி கொடுக்கணும், அது முதல்ல. அரியர் வெச்சா காலேஜ் பனியன் கிடையாது, சம்மதமா?" நீ தலையை ஆட்டினாய். பிறகு ஒரு படிவத்தைக் கொடுத்து, பிள்ளையை டாக்டரிடம் காட்டி, ஓடுவதற்குத் தகுதி என்று எழுதி வாங்கி வரச் சொன்னார். அன்று சாயங்காலமே நம் கடையில் கிளினிக்குக்கு டைல்ஸ் எடுத்த டாக்டரிடம் போனேன். "பொண்ணு எங்க?" என்று கேட்டார். "துணி எடுக்கப் போயிருக்கா சார்." அவர் சிரித்தார். "ஸ்டேட்ல ஓடறவளுக்கு நான் என்னத்த ஸ்டெத் வெச்சிப் பாக்கறது? குடுங்க." வாங்கித் தந்த டீ ஆறுவதற்குள் சீல் விழுந்துவிட்டது.

மறுநாள் அந்தத் தாளை வாங்கிய ஃபாதர் உடனே கோப்பில் வைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "டாக்டர் பிள்ளையை நல்லா பார்த்தாரா?" என்று கேட்டார். "பார்த்தாரு ஃபாதர்" என்றேன். பக்கத்தில் நின்ற நீ உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாய். வெளியே வந்ததும், "சாமியார்கிட்டயே புளுகறீங்களேப்பா" என்று என் முதுகில் தட்டினாய். நம் இருவருக்கும் அது ஒரு விளையாட்டாக இருந்தது. பதினேழு வயதுப் பெண்ணை அந்த விளையாட்டில் சேர்த்துக்கொண்டது என் முதல் தவறு. அன்று அந்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்திருந்தால் ஏதாவது கேட்டிருக்குமா, கேட்டிருக்காதா, தெரியாது. தெரியாமலே போகும்படி செய்தவன் நான்.

அடுத்த இரண்டு வருடமும் உன்னைவிட எனக்குத்தான் அந்தக் கல்லூரி சந்தோஷம் கொடுத்தது. விடியற்காலை முதல் ரயில்களில் ஒன்றைப் பிடிக்க உன்னை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வருவேன். பயிற்சி முடிந்தால் ஓட்டக்காரர்களுக்கு மட்டும் மெஸ்ஸில் முட்டையும் பாலும். அதற்குள் முதல் பீரியட் மணி. மேட்சுக்குப் போன நாட்களுக்கு வருகைப் பதிவு கொடுப்பார்கள், ஆனால் விட்ட பாடத்தை ஒரு ஃபாதர் சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார். அவ்வளவு கறார். உன்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "டைல்ஸு, டைல்ஸு, வழுக்கி விழுந்துடாதே!" என்று பையன்கள் கத்துவார்கள். நீ திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடுவாய். ஃபாதர் வெள்ளை அங்கியோடு இருநூறு மீட்டர் வளைவில் நின்றுகொண்டு, "தோள்! தோள்!" என்று கத்துவார், நீ தோளைத் தளர்த்துவாய். உங்களுக்குப் பயிற்சி கொடுத்த உடற்கல்வி ஆசிரியரைத்தான் நீங்கள் எல்லாரும் மாஸ்டர் என்பீர்கள். அவர் கத்தி நான் கேட்டதில்லை. விசிலையும் கைக்கடிகாரத்தையும் மட்டும் நம்புகிறவர்.

மூன்றாம் வருடம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. நான் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். நீ முதலாவதாக வந்தாய். கோட்டைத் தாண்டிப் பத்தடி போனதும் விழுந்தாய். எல்லாரும் வெயில் என்றார்கள், குளுக்கோஸ் கொடுத்தார்கள், கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "நான்தானே ஃபர்ஸ்ட்டு?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தாய். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. என்னை மரத்தடிக்குக் கூட்டிப் போய், "சார், தலை சுத்தி விழறவங்க கைய ஊனுவாங்க. இவ ஊனல. அப்படியே விழுந்தா. ஹார்ட்டைப் பார்க்காம இவள நான் டிராக்ல விடமாட்டேன்" என்றார்.

ரத்தம் குறைவா என்று பார்க்கத்தான் என்று சொல்லி உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மார்பில் ஏதோ பசை தடவிப் படம் எடுத்ததைப் பற்றிக் கேட்டாய். எல்லாருக்கும் எடுப்பார்கள் என்றேன். நீ வெளியே உட்கார்ந்திருந்தபோது டாக்டரம்மா என்னிடம் பேசினார். இதயத்தின் இடப்பக்கச் சுவர் இருக்க வேண்டியதைவிடத் தடித்திருக்கிறதாம். கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கும் அப்படி ஆகலாம், அது ஒன்றும் ஆபத்தில்லை. பிறவியிலேயே வரும் நோயாகவும் இருக்கலாம், அதில் ஓடும்போதே உயிர் போகக்கூடும். "இப்ப எதுன்னு சொல்ல முடியாது. மூணு மாசம் ஓடாம இருக்கட்டும். திரும்பப் படம் எடுப்போம். பயிற்சியால வந்ததுன்னா குறைஞ்சிருக்கும்." பிறகு கேட்டார்: "உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?"

ரேவதி, உன் சித்தப்பாவை நீ பார்த்ததில்லை. என் தம்பி. இருபத்தாறு வயது. பள்ளிக்கரணையில் ஒரு வீட்டுக்கு என்னோடு சேர்ந்து டைல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது, இரண்டாவது மாடியில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அப்படியே சாய்ந்தான். வெயில் தாங்கவில்லை என்று ஊரில் சொன்னோம், வீட்டிலும் சொன்னோம், கடைசியில் நானே அதை நம்பினேன். டாக்டரம்மா கேட்டபோது அவன் முகம் எதிரில் வந்து நின்றது. நான், "அப்படி யாரும் இல்லீங்க டாக்டர்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று நீ கேட்பாய். உன் பெரியம்மா மகள் சுமதிக்குச் சின்ன வயதில் இரண்டு முறை வலிப்பு வந்தது. அதை யாரோ ஒரு வளைகாப்பில் பேச்சுவாக்கில் சொல்லி, நிச்சயம் செய்திருந்த கல்யாணம் நின்றது. அதன் பிறகு அவளைக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் அதையே முதல் கேள்வியாகக் கேட்டார்கள். பெண்ணுக்கு இதயத்தில் கோளாறு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டுவிட்டேன். உனக்குத் தெரிந்தால் உன் தோழிக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரிந்தால் அவள் அக்காவுக்குத் தெரியும். ஆகவே யாருக்கும் தெரிய வேண்டாம், ஓட்டத்தை மட்டும் நிறுத்திவிடுவோம், பத்திரமாக இருப்பாள், கல்யாணமும் நடக்கும். சரக்கைப் போல உன்னைப் பார்த்திருக்கிறேன் அம்மா. விரிசல் இருக்கும் பக்கத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைக்கிற கடைக்காரனின் புத்தி. இதைவிட நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். ரிப்போர்ட்டில் இருந்ததைச் சொன்னேன். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு அடுத்த வாரம். "பேரை எடுத்துடுங்க சார். காரணம் மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது" என்றேன். அவர் என்னையே பார்த்தார். "அவ உடம்பு சார் அது. அவகிட்ட சொல்லாம எப்படி?" "கல்யாணம் ஆகணும் சார். நீங்களும் பொண்ணப் பெத்தவரு." அவர் சொன்னார்: "பேரை எடுக்கறேன், அது என் கடமை. ஆனா பொய் சொல்லமாட்டேன். கேட்டா, காரணம் சொல்ல முடியாதும்மான்னு சொல்வேன். மூணு மாசத்துல ரெண்டாவது ரிப்போர்ட் வரணும்."

பட்டியலில் உன் பெயர் இல்லாத அன்று என்ன நடந்தது என்று எனக்கு நீதான் சொன்னாய். மைதானத்தில் எல்லார் முன்னாலும், "யாருகிட்ட இன்னா வாங்கினீங்க மாஸ்டர்? என் எடத்துல போட்டீங்களே, அவ அப்பா பெரிய ஆளு, என் அப்பா டைல்ஸ் விக்கறவரு, அதானே?" என்று கத்தி, கல்லூரிப் பனியனை அவர் காலடியில் போட்டுவிட்டு வந்தாய். அவர் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி மடித்து வைத்துக்கொண்டாராம். "பேச வாயில்லப்பா அந்தாளுக்கு" என்று என் தோளில் சாய்ந்து அழுதாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அவரைத் திட்டத் திட்ட உனக்கு மனம் ஆறுகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் செய்ததில் எது மோசம் என்று கேட்டால், பொய்ச் சான்றிதழைவிட இதைத்தான் சொல்வேன். கல்யாணப் பட்டியல் எழுதும்போது கல்லூரியில் எல்லாரையும் எழுதி, அவர் பெயரை மட்டும் விட்டாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகை முனைகளில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது படம் எடுக்கவே இல்லை. மூன்று மாதம் ஆவதற்குள் உன் படிப்பு முடிந்துவிட்டது, நீ ஓடுவதையும் விட்டுவிட்டாய், இனி எதற்கு என்று இருந்தேன். உண்மை அதுகூட இல்லை. எடுத்தால் ஒரு பதில் வரும், அது தாளில் இருக்கும், அதற்குப் பயந்தேன். மாஸ்டர் மூன்று முறை கடைக்கு போன் செய்தார். மூன்று முறையும், "எடுத்துட்டோம் சார், நார்மல்" என்றேன். மூன்றாவது முறை அவர், "ரொம்ப சந்தோஷம் சார். அப்ப அவ திரும்ப ஓடலாமே, அவகிட்ட சொல்லுங்களேன்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

இன்று காலை கடையைத் திறக்கவில்லை. ரயில் ஏறிக் கல்லூரிக்குப் போனேன். மாஸ்டர் பையன்களுக்குத் தடை தாண்டப் பழக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க சார், ரேவதிக்குக் கல்யாணமாமே" என்று சிரித்தார். பத்திரிகை கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோவளம் ஓட்டத்தையும், படியில் நீ உட்கார்ந்ததையும் சொன்னேன்.

"நார்மல்னு மூணு தடவ சொன்னீங்களே சார்."

"பொய் சார்."

"அவ என்னைத் திட்டினது போகட்டும். நான் பேப்பரைக் கண்ணால பார்க்காம உங்க வாயை நம்பினேன் பாருங்க, அது என் தப்பு. எத்தனை நாளா ஓடறா?"

"பத்து நாளா."

"இன்னிக்கே சொல்லிடுங்க. நீங்க சொல்லலன்னா ஞாயித்துக்கெழம நான் கோவளத்துல போய் நிப்பேன். அவ என்னைச் செருப்பால அடிச்சாலும் சரி, கோட்டத் தாண்ட விடமாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். அதன் பிறகு பக்கத்தில் இருந்த பையனை விட்டு எனக்குத் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். அந்த மனிதரைத்தான் மூன்று வருடம் உன் கண்ணில் அயோக்கியனாக வைத்திருந்தேன். நீ அவரிடம் என்ன பேசுவாய் என்பது உன் விஷயம். பேச வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கல்லூரியிலிருந்து நேராக அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே டாக்டரம்மா. தம்பியைப் பற்றியும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். நாளைக் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். உன்னை மட்டுமல்ல, என்னையும். ரத்த சம்பந்தத்தில் வரும் நோய் என்றால் எனக்கும் பார்க்க வேண்டுமாம். ஒன்றும் இல்லாமலும் போகலாம், அதையும் அவர்தான் சொன்னார். மூன்று வருடம் ஓடாமல் இருந்திருக்கிறாய், படம் தெளிவாகச் சொல்லிவிடும் என்றார். ஒன்றும் இல்லை என்றால், ஓட வேண்டிய நல்ல வருடங்களை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டவன் நான். இருக்கிறது என்றால், தெரிந்தே உன்னைப் பத்து நாள் ஓட விட்டவன். எப்படிப் பார்த்தாலும் எனக்கு நல்ல பேர் இல்லை. அது பரவாயில்லை.

பிரபுவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ சொல்வாயா, நான் போய்ச் சொல்லட்டுமா, அதை நீயே முடிவு செய். சொல்லாமல் விடுவது என்பது மட்டும் இனி நம் வீட்டில் கிடையாது. கல்யாணம் நின்றால் நிற்கட்டும். மண்டபத்துக்காரர், சமையல்காரர், சொந்தக்காரர்கள், எல்லாருக்கும் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். நிற்காமலும் போகலாம். உன்னோடு சேர்ந்து காலையில் ஓட வருகிற பையன், உட்கார வேண்டிய நேரத்தில் உன்னோடு உட்காரவும் மாட்டானா என்று எனக்கு ஒரு நப்பாசை. ஆனால் அது என் ஆசை, உனக்குக் கொடுக்கும் உத்தரவாதம் இல்லை. இனிமேல் உன் உடம்பைப் பற்றிய எந்தத் தாளும் உன் கைக்குத்தான் முதலில் வர வேண்டும். அப்பாவானாலும் புருஷனானாலும் வாங்கிப் பிரித்துப் பார்க்க விடாதே. டாக்டர் அறைக்குள் நீயே உட்கார். வெளியே காத்திரு என்று யார் சொன்னாலும் எழுந்து போகாதே.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. இன்றே சொல்லிவிடுவேன், அவள் அடிக்கும் அடியை முதலில் வாங்கிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை நீ வேலை பார்க்கும் ஸ்கூலுக்கே கொண்டு வந்து உன் கையில் கொடுத்துவிட்டு, அங்கே நிற்காமல் கடைக்குத் திரும்பிவிடுவேன். படிக்கும்போது என் மூஞ்சி உன் எதிரில் இருக்க வேண்டாம். படித்து முடித்ததும் உனக்குக் கோபம் வரும், வர வேண்டும். உடனே என்னிடம் வந்து நறுக்கென்று நாலு கேள்வி கேட்கத் தோன்றும். வா. கடையில்தான் இருப்பேன், எவ்வளவு நேரமானாலும் இருப்பேன். ஆனால் ஸ்கூலிலிருந்து கடை பக்கம்தானே என்று கோபத்தோடு ஓடி வந்துவிடாதே அம்மா. மெதுவாக நடந்து வா.

அப்பா